பரணில் கிடைத்த மருந்துக் கொம்பு: எந்த ஊர், எந்தக் காலம்?

தேன்கனி

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். ஓடு மாற்றுவதற்காகப் போன வாரம் ஆயா வீட்டுப் பரணைக் காலி செய்தோம். ஓட்டைப் படி, நுகத்தடி, கயிறு அறுந்த தூளிக் கட்டை எல்லாவற்றுக்கும் அடியில், சாக்குத் துணியில் சுற்றி ஒரு மாட்டுக் கொம்பு கிடந்தது. வெளிவளைவில் நூல் பிடித்து அளந்தால் 34 செ.மீ., அடிப்பக்கக் குறுக்களவு ஐந்தரை. அகன்ற வாயை மரக்கட்டை வைத்து அடைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். நுனியில் பித்தளை மூக்கு. ஆட்டினால் உள்ளே ஏதோ சரசரவென்று நகர்கிறது.

மாமா பார்த்தவுடனே, ராயக்கோட்டையை விட்டு ஓடும்போது திப்பு படை போட்டுவிட்டுப் போனது என்று முடிவு செய்துவிட்டார். பெங்களூரில் பழைய சாமான் வாங்கும் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். அவர் 18ஆம் நூற்றாண்டு என்கிறார், 15,000 தருகிறேன், இன்றைக்கே வருகிறேன் என்கிறார், அந்த அவசரம்தான் எனக்கு உறுத்துகிறது. ஆயாவிடம் கேட்டால் "மருந்துக் கொம்புடா அது" என்பதோடு சரி. மேலே கேட்டால் வேலையைப் பார் என்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழசுப்பெட்டி

தம்பி, முதலில் ஆட்டுவதை நிறுத்துங்கள். பூஜை விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. உள்ளே இருப்பது துப்பாக்கிக்குப் போடும் கரிமருந்தாக இருக்கலாம். அது வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. இந்த மூன்றும் காலத்தால் கெட்டுப்போகிற சரக்கு இல்லை. ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் பற்றிக்கொள்ளும். கொம்பா பிளாஸ்டிக்கா என்று பார்க்க ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்து, முடி கருகும் வாசனை வந்தால் கொம்பு என்று யாராவது யோசனை சொல்வார்கள், வேறு பொருளுக்கு அது சரி, இதில் அதைச் செய்துவிடாதீர்கள்.

மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஒரு தட்டில் கொட்டுங்கள். நனைந்தால் வெடியுப்பு கரைந்துவிடும், பிறகு பயமில்லை. ஒரு முறை நனைவதால் கொம்புக்கு ஒன்றும் ஆகாது, நிழலில் காயவிடுங்கள். அப்புறம் அடைப்பு, மூக்கு, ஆணி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். முழுக் கொம்பின் படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

செவலை

இதில் வெடிமருந்து எங்கிருந்து வந்தது? எங்கள் பக்கம் பென்னாகரத்தில் மருந்துக் கொம்பு என்றால் மாட்டுக்கு மருந்து புகட்டுகிற கொம்பு. வயிறு உப்பினால் மிளகு, பூண்டு, வெற்றிலை அரைத்து அதில் ஊற்றிக் கடைவாயில் சாய்ப்பார்கள். கொம்பு கிடைக்காத வீட்டில் மூங்கில் குழாய். ஆயா மருந்து என்று சொன்னால் அந்த மருந்தாகத்தான் இருக்கும். நீங்கள்தான் சண்டை, படை என்று போகிறீர்கள்.

பழசுப்பெட்டி

செவலை சொல்வதைத் தள்ள முடியாது. கொம்பு நம் ஊரில் நாலு வேலைக்குப் போயிருக்கிறது. புகட்டும் கொம்புக்கு அகன்ற வாய் திறந்திருக்கும், பெரும்பாலும் சாய்வாக வெட்டி விளிம்பை மழுங்கத் தேய்த்திருப்பார்கள், மாட்டின் வாயைக் கிழிக்கக் கூடாதே. ஊதுகொம்புக்கு இரண்டு பக்கமும் திறப்பு. கெட்ட ரத்தம் எடுக்க உடம்பில் வைத்து உறிஞ்சும் கொம்பு கைக்கு அடக்கமானது, நுனியில் சின்ன ஓட்டை. அகன்ற வாயை அடைத்து, நுனி வழியாக மட்டும் வெளியே வருகிற மாதிரி இருந்தால் அது தூள் வைக்கிற கொம்புதான். ஆனால் புகட்டும் கொம்பைப் பின்னால் யாரோ அடைத்தும் இருக்கலாம். தம்பி, அந்த விளிம்பைத் தடவிப் பார்த்துச் சொல்லுங்கள்.

தேன்கனி

நேற்று இரவு தண்ணீர் விட்டேன். வந்தது மைக்கூடு கவிழ்ந்த மாதிரி கரித்தண்ணீர். எவர்சில்வர் தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்திருந்தேன். மதியம் போய்ப் பார்த்தால் தண்ணீர் வற்றி, தட்டின் ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கிறது. உப்பு மாதிரிதான், ஆனால் கல் கல்லாக இல்லை, ஊசி ஊசியாக நீட்டி நிற்கிறது. விளிம்பு மழுங்கவில்லை, நேர்வெட்டு. ரம்பத்தின் கோடு இன்னும் தெரிகிறது.

பழசுப்பெட்டி

முடிந்தது. சோற்றுப்பு சதுரம் சதுரமாகக் கட்டும், வெடியுப்புதான் இப்படி ஊசியாக ஓடும். உள்ளே இருந்தது கரிமருந்து. தட்டைக் கழுவிக் கொட்டிவிடுங்கள், நாளைக்கு அதில் யாரும் சோறு போட்டுக்கொள்ள வேண்டாம்.

செவலை

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொம்பைப் பற்றி நான் பேசலாம்தானே. இருட்டறையில் அடைப்புக்குப் பக்கத்தில் வெளியிலிருந்து டார்ச்சை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். எருமைக் கொம்பு என்றால் கறுப்பு, ஒளியே விடாது, வெட்டுமுகமும் உருண்டையாக இல்லாமல் சப்பையாக, ஒரு பக்கம் முனை தட்டி இருக்கும். மாட்டுக் கொம்பு என்றால் வட்டம், தேன் நிறத்தில் ஒளி கசியும். இன்னொன்று, பச்சை கலந்த மஞ்சளாக ஆரம்பித்து நுனி மட்டும் கறுத்து, அடி ரொம்பப் பருமனாக இருந்தால் காட்டெருமை. மேலகிரி மலைக்காட்டில் அது நிறைய. அப்படி இருந்தால் இங்கே படமே போடாதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, வனத்துறையிடம் போய்ச் சொல்ல வேண்டியது.

தேன்கனி

வட்டம்தான். டார்ச் பிடித்தால் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒளிர்கிறது. நுனி நோக்கி மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஒளி விடவில்லை.

செவலை

நுனி கெட்டியாகத்தான் இருக்கும், குடைந்துதான் வழி விட்டிருப்பார்கள். நீங்கள் சொன்ன அளவை யோசித்தால் 34 நீளத்துக்கு ஐந்தரைதான் அடி. ஒல்லிக் கொம்பு. ஆலம்பாடி, ஹள்ளிகார் மாதிரி மைசூர் வகை மாட்டுக்குத்தான் இப்படி: உச்சந்தலையில் இரண்டும் நெருக்கமாகப் புறப்பட்டு, பின்னால் போய், மேலே ஏறி, கூராக முடியும். சீமை மாட்டுக்கு இந்த நீளமும் ஒல்லியும் வராது, குட்டையாகப் பக்கவாட்டில் போய் முன்னால் வளையும். எருது விடும் விழாவில் கொம்பு சீவி வர்ணம் அடிக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்வான். கொம்பு நம் பக்கத்துக் கொம்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சும்மா_கேட்டேன்

அப்போ மாமா சொன்னதுதானே சரி? மைசூர் மாடு, மைசூர் படை. திப்புவே அமிர்தமகால் மாட்டை வைத்துத்தானே பீரங்கி இழுத்தார்.

பாராமகால்_12

மாமாக்களை நம்பினால் நம் மாவட்டத்தில் கிடைக்கிற எல்லாத் துருப்பிடித்த இரும்பும் திப்புவுடையதுதான். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டு உலக்கைப் பூணைக்கூடத் திப்பு காலம் என்றார்.

ராயக்கோட்டை கம்பெனிப் படையிடம் விழுந்தது 1791இல். அதே வருடம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மேல் ஏறப் பார்த்து அடிபட்டுத் திரும்பினார்கள், பிறகு 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாராமகால், அதாவது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம், முழுக்கக் கைமாறியது. அதெல்லாம் உண்மை. ஆனால் அந்தச் சண்டையில் இரு பக்கத்து முறைப்படையும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்காரர்கள். அவர்களுக்கு ஒரு வேட்டுக்குத் தேவையான மருந்தும் குண்டும் காகிதத்தில் சுருட்டித் தோல் பையில் அடுக்கி வரும், பல்லால் கடித்துக் கிழித்துப் போடுவார்கள். சாதாரணச் சிப்பாய் தோளில் கொம்பு மாட்டிக்கொண்டு நடக்க வேண்டிய தேவை இல்லை. கொம்பு வைத்திருந்தவர்கள் பீரங்கிக்காரர்கள், பீரங்கியைப் பற்றவைக்கும் துளையில் மருந்து ஊற்ற. அப்புறம் திரித் துப்பாக்கி வைத்திருந்த உள்ளூர்க் காவல் ஆட்கள், மைசூர்ப் பக்கம் கந்தாசாரம் என்று சொல்லப்பட்டவர்கள். அவர்களுடையதாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் வாய்ப்பு வேறு, சாட்சி வேறு. திப்புவின் பட்டறைச் சாமான் என்றால் புலிவரி எங்காவது இருக்க வேண்டும், அவருக்கு அதில் ஒரு பித்து. கம்பெனிச் சாமான் என்றால் இதய வடிவத்துக்கு மேல் 4 மாதிரி ஒரு குறி. இங்கிலாந்து அரசுச் சாமான் என்றால் அம்புக்குறி. மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா?

தேன்கனி

புலியும் இல்லை, அம்பும் இல்லை. பித்தளை மூக்கைப் புளி போட்டுத் தேய்த்ததில்

பட்டறைக்காரர்

ஐயோ, புளி போட்டா? இனிமேல் செய்யாதீர்கள். பழைய பித்தளையில் அந்தக் கறுப்புதான் அதன் ஜாதகம்.

தேன்கனி

மன்னிக்கவும் அண்ணா, பாதியில் அனுப்பிவிட்டேன். தேய்த்ததில் எண்கள் தெரிகின்றன. மூக்கைச் சுற்றி நாலு கோடு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 2¼, 2½, 2¾, 3. மூக்கைத் திருகி அந்தக் கோட்டில் நிறுத்தலாம் போல, இப்போது இறுகிப்போய்த் திரும்பவில்லை. கீழே கட்டைவிரலால் அழுத்துகிற ஒரு நெம்பு, அதற்கு வளைந்த எஃகுச் சுருள். அழுத்தினால் உள்ளே ஒரு தகடு நகர்கிறது.

பட்டறைக்காரர்

இப்போதுதான் விஷயத்துக்கு வந்தீர்கள். அது டிராம் கணக்கு. ஒரு டிராம் ஏறக்குறைய 1.77 கிராம், இரண்டரை என்றால் நாலரைக்குக் கொஞ்சம் குறைவு. இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிக்கு ஒரு தடவை போடுகிற மருந்து அது. வேலை செய்யும் விதம் இப்படி: நுனியில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு கொம்பைத் தலைகீழாகப் பிடித்து நெம்பை அழுத்தினால் மருந்து மூக்கில் நிறையும். நெம்பை விட்டால் தகடு அறுத்துவிடும். நிமிர்த்தினால் மூக்கில் நிற்பது சரியாக ஒரு அளவு. 19ஆம் நூற்றாண்டில் இந்த மாதிரி மூக்குகள் இங்கிலாந்தில் ஷெஃபீல்டிலிருந்து மூட்டை மூட்டையாக உலகம் முழுக்கப் போயின. செய்தவர்களில் ஜேம்ஸ் டிக்சன், ஹாக்ஸ்லி இரண்டு பெயரும் அதிகம் கிடைக்கும். கழுத்து வளையத்தில் தேடிப் பாருங்கள், டிக்சன் தொழில் தொடங்கியதே 1806. அவர் பெயர் இருந்தால் அந்த மூக்கு 1791இல் ராயக்கோட்டையில் இருக்க வழியே இல்லை.

சும்மா_கேட்டேன்

சரி, அப்போ வெள்ளைக்காரன் வேட்டைக் கொம்பு. முடிந்ததா? பெங்களூர்க்காரர் 15,000 கொடுத்தால் கொடுத்துவிடுங்கள்.

பட்டறைக்காரர்

மூக்கு வெள்ளைக்காரனுடையது. கொம்பு அவனுடையதா என்பது வேறு கேள்வி. ஷெஃபீல்டில் கொம்பு உடலோடு சேர்த்தும் செய்து விற்றார்கள், ஆனால் அதில் கழுத்து வளையம் கொம்போடு இழைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும். தம்பி போட்ட ஏழாவது படத்தைப் பெரிதாக்குங்கள். வளையத்துக்கும் கொம்புக்கும் நடுவில் இடைவெளி, அதில் அரக்கு ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். அதைவிட முக்கியம், வளையத்துக்கு அரை விரல் கீழே வரிசையாக நாலு சின்ன ஓட்டை, கறுப்பாக அடைந்துபோய். அது வேறு ஏதோ ஒரு மூக்கைப் பிடித்திருந்த முளைகளின் ஓட்டை. அந்த மூக்கு போன பிறகுதான் இந்த மூக்கு வந்திருக்கிறது. மரமோ மூங்கிலோ, யாருக்குத் தெரியும்.

ஆணியையும் பாருங்கள். அடைப்பில் ஆறு ஆணி. நாலு தலை கோணல்மாணலாகச் சதுரம், கொல்லன் அடித்தது. இரண்டு மட்டும் வட்டத் தலை, உருண்டைத் தண்டு, கம்பி ஆணி. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில்தான் கம்பி ஆணி பரவலாக வந்தது. ஆக அடைப்பைக் குறைந்தது ஒரு தடவை கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

பாராமகால்_12

அந்த மூக்கு எப்படி இந்தப் பக்கம் வந்திருக்கும் என்பதற்கு ரொம்பத் தூரம் போக வேண்டாம். ஓசூர் மத்திகிரியில் இப்போது கால்நடைப் பண்ணை இருக்கிற இடம் 1824இல் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம். அந்த நூற்றாண்டு முழுக்க அங்கே துரைமார் இருந்தார்கள், துரை இருந்த இடத்தில் வேட்டைத் துப்பாக்கியும் இருந்திருக்கும். தோட்டா வைத்துப் பின்னால் திறக்கிற துப்பாக்கி 1860க்கு மேல் வந்ததும் இந்த மூக்கெல்லாம் அவர்களுக்கு வேண்டாத சாமான். பழைய பித்தளை எங்கே போகும்? சந்தைக்கு. இதுதான் நடந்தது என்று சொல்லவில்லை, இப்படி நடந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்கிறேன்.

பழசுப்பெட்டி

வாங்குகிறேன் என்றவர் 18ஆம் நூற்றாண்டு என்று சொன்னதற்கும் ஒரு காரணம் இருக்கும். அமெரிக்காவில் 1754இலிருந்து 1763 வரை நடந்த சண்டைக் காலத்துக் கொம்புகள், ஊர் வரைபடம், கோட்டை, பெயர், வருடம் எல்லாம் செதுக்கி வரும், பெரிய விலைக்குப் போகும். அதனால் வெற்றுப் பழங்கொம்பு வாங்கிப் புதிதாகச் செதுக்கி விற்கிறவர்களும் உண்டு. செதுக்கல் பழசா புதுசா என்று லென்ஸில் தெரியும்: பழைய கீறலின் விளிம்பு கை பட்டுப் பட்டு மழுங்கி, உள்ளே அழுக்கு இறுகியிருக்கும். புதியதில் விளிம்பு கூராக இருக்கும், மேலே விழுந்த பழைய உராய்வுகளைக் கீறல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஸ்காட்லாந்துக் கொம்பு என்றால் சூடுபண்ணி நெருக்கிச் சப்பையாக்கியது. முகலாயர் பக்கத்துச் சாமான் தந்தத்தில் மான் தலை வைத்து, உள்ளங்கை அளவில், பற்றவைக்கும் மருந்துக்கு. உங்களுடையது இது எதிலும் சேராது. அது விலையைக் குறைக்கும், ஆனால் எனக்கு இந்த மாதிரி ஒட்டுப்போட்ட சாமான்தான் பிடிக்கும்.

விற்கிற யோசனை இருந்தால் ஒன்று: நூறு வருடம் தாண்டிய பொருள் 1972 தொல்பொருள் சட்டத்தில் வருகிறது. வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரம் செய்கிறவருக்கு உரிமம் வேண்டும். அந்த ஆளிடம் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், அவசரம் குறைந்துவிடும்.

செவலை

எல்லாம் சரி, கேட்க வேண்டிய ஆளைக் கேட்கவில்லையே. ஆயா மருந்து என்று சொன்னாள், அது வெடிமருந்துதான் என்று தட்டு சொல்லிவிட்டது. அப்போ அவளுக்கு விஷயம் தெரியும். துப்பாக்கி இருந்ததா என்று நேரே கேட்டால் எந்தக் கிழவியும் வாயைத் திறக்க மாட்டாள், மலையோரத்தில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி இன்றைக்கும் போலீஸ் தண்டோரா போடுகிறது. திருவிழாவில் வேட்டு போடுவதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

தேன்கனி

செவலை அண்ணா, உங்களுக்கு ஒரு கும்பிடு. கேட்டேன்.

புளி உரித்துக்கொண்டிருந்தாள். கொம்பை மடியில் வைத்து, "ஆயா, நம்ம மாரியம்மன் கோயிலில் முன்னே வேட்டு யார் போடுவாங்க?" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு கொம்பை வாங்கினாள். ஆள்காட்டி விரலால் மூக்கை அடைத்து, தலைகீழாகச் சாய்த்து, கட்டைவிரலால் நெம்பை அழுத்தி விட்டு, நிமிர்த்தினாள். பட்டறைக்காரர் அண்ணா எழுதிய அதே வரிசை. எண்பது தாண்டிய கை, ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

அவள் மாமனார்தான் வேட்டு போடுவாராம். பூமியில் நட்ட இரும்புக் குழாயில் மருந்து கொட்டி, மேலே செங்கல் தூள் போட்டு இடித்து, திரி வைத்துவிட்டு ஓடி வருவாராம். கைப்பிடியால் அள்ளிப் போடக் கூடாது, அளந்துதான் போட வேண்டும் என்பாராம். பக்கத்து ஊரில் கையளவில் போட்ட ஒருவருக்கு மணிக்கட்டோடு போய்விட்டதாம். "சின்னக் குழாய்க்கு மூணு மூக்கு. கட்டை விளிம்பில் மூணு கோடு போட்டிருப்பார் பாரு, மறக்காமல் இருக்க" என்றாள். எனக்கு அப்படி ஒரு கோடு இருப்பதே தெரியாது. ஈரத்துணியால் அடைப்பின் ஓரத்தைத் துடைத்தேன். அழுக்குக்கு அடியில் மூன்று வெட்டு, நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது.

சும்மா_கேட்டேன்

மாமா சொன்ன திப்புக் கதையை நம்பவில்லை, ஆயா கதையை மட்டும் எப்படி நம்புகிறீர்கள்?

பாராமகால்_12

கண்ணால் பார்க்காததை முன்கூட்டிச் சொன்னாள், போய்ப் பார்த்தால் இருந்தது. மாமா அப்படி ஒன்றும் சொல்லவில்லையே.

ஆனால் ஆயாவின் சாட்சி அவள் மாமனார் காலம் வரைக்கும்தான். அதற்கு முன்னால் அந்த நாலு ஓட்டை எந்த மூக்கைப் பிடித்திருந்தது, அப்போது கொம்பு யார் தோளில் தொங்கியது என்பதற்கு அவள் பொறுப்பில்லை.

பட்டறைக்காரர்

மூக்கு வேட்டைக்குப் பிறந்து கோயில் வேட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறது. அது சரி, கொம்பு எந்த மாட்டுடையது என்று கேட்டீர்களா?

தேன்கனி

கேட்டேன் அண்ணா. "கொம்பு என்ன கடையிலா விற்கும்? தொழுவத்து எருதுதான்" என்றாள். எந்த எருது என்றால் அவள் கல்யாணமாகி வருவதற்கு முந்தியதாம், தெரியாதாம்.

செவலை

நான் அன்றைக்கே சொன்னேன்.

பழசுப்பெட்டி

தம்பி, பெட்டியில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். கொம்பைத் தின்கிற பூச்சி ஒன்று இருக்கிறது, கம்பளியையும் தின்னும், இருட்டும் புழுக்கமும் இருந்தால் ஆறு மாதத்தில் சல்லடையாக்கிவிடும். வெயிலிலும் வேண்டாம், ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். எண்ணெய் தடவாதீர்கள். காற்றோட்டமாக, கைக்கு எட்டும் இடத்தில், மாதம் ஒரு முறை பார்க்கிற மாதிரி வையுங்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டுங்கள். கொடுக்க வேண்டாம், காட்டினால் போதும்.

தேன்கனி

சரி அண்ணா. பெங்களூர்க்காரரிடம் உரிமம் பற்றிக் கேட்டேன், பிறகு அழைக்கிறேன் என்றார், அழைக்கவில்லை. கூடத்தில் அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று ஆணி அடித்தேன். ஆயா கழற்றிக் கொடுத்துவிட்டாள், பழையபடி பரணிலேயே இருக்கட்டுமாம். பரண் மேல் இன்னும் ஓடே போடவில்லை.